ஆம்பிளை ரீச்சர்

என் அன்பு அப்பா,

கடலிலிருந்து கத்தினால் கரையில் நிற்கிறவர்களுக்குச் சொல்லுக்குச் சொல் விளங்கும் குரல் உங்களுடையது. அங்கே இப்போது யாரோடு கத்திக்கொண்டிருக்கிறீர்களோ தெரியாது. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இதைக் கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அம்மாவோடு நின்றேன். பெரியப்பா வந்தார். உங்களுக்குப் பிறகு எனக்கு அவர்தான் அப்பா என்று ஊரே சொல்லுகிற உங்கள் அண்ணன். சுற்றி நின்ற சனம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “உன்ரை கொப்பன் உயிரோடை இருந்திருந்தா வெட்கத்திலை வெளியிலை தலை காட்டியிருக்க மாட்டான்.”

பெரியவர்களோடு நாலு பேருக்கு முன்னால் வாய் காட்டக்கூடாது என்று வளர்த்தது நீங்கள்தானே. ஆனால் அவர் ஊர் கேட்கச் சொன்னார். அதனால் நானும் ஊர் வாசிக்கவே எழுதுகிறேன். பதில் அவருக்கு இல்லை, உங்களுக்கு.

அப்பா, நான் இப்போது முன்பள்ளி ரீச்சர். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு பாட்டுப் பாடுகிறேன். மூக்குத் துடைத்து விடுகிறேன். சப்பாத்தைக் கால் மாறிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குக் கழற்றிச் சரியாகப் போட்டு விடுகிறேன். விளையாட்டுக்கு இல்லை, இதுதான் என் உத்தியோகம். படித்துப் பரீட்சை எழுதி எடுத்தது.

நீங்கள் போனபோது நான் உங்கள் வள்ளத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் பெட்டியில்தான் திரும்பி வந்தீர்கள். செத்தவீடு முடிந்து பெரியப்பாவோடு அதே வள்ளத்தில் தொழிலுக்குப் போகத் தொடங்கினேன். இப்போது சிலர் கதைக்கிறார்கள், பொடியன் கடலுக்குப் பயந்து பிள்ளைகளுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டானாம். உங்களுக்குத் தெரியும் அது பொய் என்று. வாடைக் காற்றில் வள்ளம் தூக்கித் தூக்கி அடிக்கும்போதும் நான் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு பாட்டுக் கேட்டவன். கடல் எனக்கு எங்கள் வீட்டு முற்றம் மாதிரி. எந்தப் பக்கம் கல், எந்தப் பக்கம் சேறு, எந்த மாதம் என்ன மீன், எல்லாம் கைக்குள் இருந்தது. சரியாகச் சொன்னால், அங்கே இருந்திருந்தால் நான் வாழ்நாள் முழுக்க எதற்கும் பயப்பட்டிருக்கவே தேவையில்லை.

பயம் எனக்கு வேறு இடத்தில் காத்திருந்தது.

நீங்கள் போன அடுத்த வருஷம் எங்கள் பங்குக் கோயில் முன்பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. றீற்றா ரீச்சர், ஓம், நீங்கள் ரோட்டில் கண்டால் வழி விட்டு நிற்பீர்களே அந்த ரீச்சர்தான், என்னைக் கூப்பிட்டார். தொழில் இல்லாத நாள். போய்க் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை ஊஞ்சலால் முகம் குப்புற விழுந்து நாடி வெடித்து இரத்தம். மற்ற ரீச்சர் அன்றைக்கு லீவு. “தம்பி, இவையளைக் கொஞ்சம் பாருங்கோ, நான் ஓடிக் காட்டிக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு றீற்றா ரீச்சர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டார்.

நான் தனியே. என்னைச் சுற்றி அந்த வகுப்பு முழுக்க.

ஒருவன் அழத் தொடங்கினான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. இரண்டு பேர் ஒரு வாளிக்காக அடிபட்டார்கள். ஒருத்தன் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டு என்னை முறைத்துப் பார்த்தான். நான் உங்கள் குரலில், வள்ளத்தில் கத்துகிற அதே குரலில், “எல்லாரும் இருங்கோ!” என்றேன். அழாமல் நின்ற மிச்சப் பேரும் சேர்ந்து அழுதார்கள். அப்பா, நான் மதிலடிக்கு ஓடி ஆளைக் கூப்பிட்டுக் கத்தினேன். எந்தப் புயலிலும் உதவி கேட்டுக் கத்தாதவன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றினார்.

நீங்கள் நினைப்பீர்கள், அதோடு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டான் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு கடலுக்குப் போனாலும் மனம் அங்கேதான் நின்றது. அந்தப் பொடியன் ஏன் என்னை முறைத்தான்? அவனுக்கு வெட்கமா, கோபமா? அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்குத் தெரியாத ஒன்று எங்கள் தெருவுக்குள்ளேயே இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று இருந்தது. குழாய் சரியோ பார்க்க வந்தேன் என்று சாட்டுச் சொல்லித் திரும்பவும் போனேன். பிறகு சாட்டுச் சொல்லாமலே போனேன்.

அம்மாவிடம் சொன்ன நாள் நல்ல ஞாபகம். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. “நான் நேசறி ரீச்சருக்குப் படிக்கப் போறன்” என்றேன்.

கத்தி நின்றது. “ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

“உனக்கு விசரே?”

“இல்லையம்மா. விருப்பம்.”

அம்மா திரும்பவும் மீனை வெட்டத் தொடங்கினா. அன்றைய குழம்பில் உப்பு இல்லை. அவ்வளவுதான் எதிர்ப்பு.

பயிற்சி வகுப்பு யாழ்ப்பாணம் டவுனுக்குள். வகுப்பு நிறையப் பெண்பிள்ளைகள். நான் ஒருத்தன்தான் ஆண். முதல் நாள் கதவைத் திறந்ததும் விரிவுரையாளர், “தம்பி, மின்சாரக்காரரோ? ஃபான் அந்தப் பக்கம்” என்று கையைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் போய் இருந்தேன். அபிநயப் பாட்டு வகுப்பில் முன்னால் வந்து யானை மாதிரி நடக்கச் சொன்னார்கள். கால் எழும்பவில்லை அப்பா. வலை இழுத்து உரமேறிய தோளை வைத்துக்கொண்டு தும்பிக்கை ஆட்டுவது என்றால் லேசான காரியமா? ஆட்டினேன். காது வரை சுட்டது. அடுத்த நாளும் ஆட்டினேன். அப்புறம் சுடவில்லை.

பயிற்சி முடிந்து எங்கள் ஊரிலேயே வேலை கேட்டேன். றீற்றா ரீச்சருக்கு விருப்பம். பெற்றார் சங்கத்துக்கு இல்லை. எங்கள் தெருக்காரர், என்னைக் கையில் தூக்கி வளர்த்தவர்கள், முகத்துக்கு நேரே சொல்லாமல் “பார்ப்பம், பார்ப்பம்” என்று இழுத்தே முடித்துவிட்டார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டது கொக்குவிலில் ஒரு சின்ன முன்பள்ளி. உயர்ந்த மதில்கள், கேற்றுக்குள் கேற்று, உத்தியோகக்காரரின் வீடுகள். அங்கே பொறுப்பாக இருந்த கமலா ரீச்சரோடு வேலை செய்ய வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலியாணம் கட்டி வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். அலுத்துப்போய் என்னை எடுத்தார். “நீர் கனடாவுக்கு ஓட மாட்டீர்தானே?” என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

அங்கே வேறு கேள்விகள் இருந்தன. முதல் கிழமையே ஒரு தாய் கேற்றடியில் நின்று, சிரித்த முகத்தோடு, “தம்பி எந்த இடம்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். “குருநகர்” என்றேன். “ஓ” என்றார். அந்த ஓவுக்கு எவ்வளவு நீளம் அப்பா! “ஓம் அக்கா, குருநகர்தான். அப்பா கடற்றொழில். நானும் கடலுக்குப் போனனான்” என்று நானே மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்காமல் தேடித் திரிய வேண்டாம் என்று.

பிறகு பெற்றார் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பற்றித்தான். வங்கியில் வேலை செய்கிற ஒரு தகப்பன் எழும்பினார். நல்ல மனிதர், குரலே உயர்த்தவில்லை. “தம்பியைக் குறை சொல்லேல்லை. ஆனா பொம்பிளைப் பிள்ளையளும் இருக்கினம். சின்னப் பிள்ளையள். ஒரு ஆம்பிளையோடை விட்டிட்டு நாங்கள் எப்பிடி நிம்மதியா வேலைக்குப் போறது?”

கமலா ரீச்சரின் முகம் சிவந்தது. நான் எழும்பினேன். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு மகள் இருந்தாள். அவர் கேட்காமல் விட்டால்தான் பிழை.

“நீங்கள் கேட்டது சரி அண்ணை” என்றேன். “கதவு எந்த நேரமும் திறந்துதான் இருக்கும். ஒரு பிள்ளையும் என்னோடை தனிய நிக்காது. கழிப்பறைக்குக் கமலா ரீச்சர்தான் கூட்டிக்கொண்டு போவா. நீங்கள் ஆரெண்டாலும் எந்த நாளும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விறாந்தையிலை இருந்து பார்க்கலாம். நான் கோவிக்க மாட்டன். ஆனா நான் போக மாட்டன்.”

கடைசி வசனம் நான் யோசித்துச் சொன்னது இல்லை. தானாக வந்தது.

சில பேர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். சிவகௌரி அக்கா, அதுதான் அந்த நீளமான “ஓ”க்காரி. அடுத்த நாள் காலையிலேயே ஒரு கதிரையைத் தூக்கி விறாந்தையில் போட்டு, எனக்கு நேரே இருந்தார். அதற்கு அடுத்த நாளும். கையில் பீன்ஸ் இருக்கும், முறித்துக்கொண்டே பார்ப்பார். நான் பாடும்போது பார்ப்பார். பிள்ளை கொட்டிய சாயத்தை நான் துடைக்கும்போது பார்ப்பார். மேற்பார்வை அதிகாரிகள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

நான் நன்றாகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்களில் நான் படு மோசம். குரலைத் தணிக்கவே எனக்கு மாதங்கள் பிடித்தன. உங்கள் குரல் அப்பா, சீதனம் மாதிரித் தந்துவிட்டுப் போனீர்கள், அதை வைத்துக்கொண்டு முன்பள்ளியில் நான் பட்ட பாடு! ரயில் வருகிற சத்தம் கேட்டால் போதும், பிள்ளைகள் எல்லாரும் எழும்பி மதிலடிக்கு ஓடிவிடுவார்கள். முதலில் மறித்துப் பார்த்தேன். ஏலாது. பிறகு நானும் சேர்ந்து ஓடினேன். ரயில் போய் முடிந்ததும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, நாங்களே ரயில் பெட்டிகளாக ஓடி வகுப்புக்குள் திரும்பி வருவோம். முதல் நாள் அப்படி ஓடி வந்தபோது ஒருவரும் வழியில் நின்றுவிடவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கு இந்த வேலை பிடிபடுகிறது என்று தோன்றியது. பிள்ளைகள் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கமலா ரீச்சர் “ரீச்சர் இல்லை, சேர் எண்டு சொல்லுங்கோ” என்று திருத்திப் பார்த்தார். “ஆம்பிளை ரீச்சர்” என்று தாங்களே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதைவிடச் சரியான பெயர் எனக்குக் கிடைக்காது.

ஒரு நாள் மத்தியானம் சிவகௌரி அக்கா கதிரையை மடித்துச் சுவரில் சாத்திவிட்டு மகளின் கையைப் பிடித்தார். போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: “நாளைக்கு நான் வரேல்லைத் தம்பி. மெசினிலை தையல் கொஞ்சம் கிடக்கு.”

“ஓம் அக்கா” என்றேன்.

அவ்வளவுதான் நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது. அவர் பிறகு வந்து இருக்கவே இல்லை. அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பெரிய குரலில் பாடிக்கொண்டு வந்தேன். ரோட்டில் போன சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

இனி பெரியப்பாவின் கதைக்கு வருகிறேன். கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குப் பிள்ளைகளின் முயல் நடனம். முயல்களுக்குக் கூச்சம், மேடையில் ஏற மாட்டோம் என்றார்கள். நான் காது கட்டிக்கொண்டு முன்னால் போய்த் துள்ளினேன். பின்னால் அவர்களும் துள்ளினார்கள். யாரோ அதைக் கைபேசியில் எடுத்துவிட்டார்கள். இரண்டு நாளில் குருநகர் இறங்குதுறை முழுக்க அந்த வீடியோ. வலை தைக்கிற இடத்தில், தேநீர்க் கடையில், எல்லார் கையிலும் நான் துள்ளுகிறேன். என்னோடு ஒரே வள்ளத்தில் வந்த பொடியள், என்னைக் கண்டால் தலைக்கு மேல் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் யாரோ பெரியப்பாவிடமே அதைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இருக்கவில்லை. “உதென்ன கூத்து? எங்கடை குடும்பத்திலை ஆரடா உப்பிடி ஆடினவன்?”

“பிள்ளையள் பயந்தவை பெரியப்பா. அதுதான்.”

“உனக்கு என்ன குறை? கடல் இருக்கு, வள்ளம் இருக்கு. நான் இனிக் கன காலம் போக மாட்டன். திங்கக்கிழமை வா. நீதான் ஓட்டி. வள்ளம் உன்ரை பொறுப்பு. உந்தக் காதைக் கழட்டி எறி.”

அப்பா, அது சின்ன விஷயம் இல்லை. உங்கள் வள்ளம். நீங்கள் நின்ற இடத்தில் நின்று ஓட்டுவது. அந்த ஒரு நிமிஷம் ஓம் எண்டு சொல்ல வாயெடுத்தேன் என்பதை மறைக்கவில்லை. அங்கே போனால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு போய் வரலாம். அந்தக் கண்ணை மூடிக்கொண்டு என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“நீங்கள் தந்தது பெரிசு பெரியப்பா. ஆனா நான் வரமாட்டன். திங்கக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம்.”

அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். “நீயெண்டாலும் சொல்லன். என்ரை தம்பி இருந்திருந்தா இதுக்குச் சம்மதிச்சிருப்பானே?”

அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. நிமிராமலே சொன்னா: “அவர் என்ன சொல்லியிருப்பார் எண்டு எனக்குத் தெரியாது அத்தான். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அவர் சொல்லுறதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தனான். இனி அவர் சொல்லாததையும் கேக்க ஏலாது. பிள்ளை போகட்டும்.”

கோபிக்காதீர்கள் அப்பா. சொன்னது உங்கள் மனைவி, நான் இல்லை. ஆனால் அந்த நேரம் அம்மாவின் காலில் விழலாம் போல இருந்தது.

பெரியப்பா அன்றைக்குப் போனவர்தான், பிறகு கோயில் வாசலில் அந்த வார்த்தையோடு வந்தார். வெட்கம். அந்தச் சொல்லைக் கொஞ்ச நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நீங்கள் உண்மையில் வெட்கப்பட்டிருப்பீர்களா?

பட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். சின்னத்தையின் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு, எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும், குழந்தையை நாள் முழுக்க நானே தூக்கி வைத்திருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் எல்லாருக்கும் முன்னால், “இறக்கி விடடா அதை, பொம்பிளைப் பிள்ளை மாதிரி” என்று கத்தினீர்கள். இறக்கி விட்டேன். செத்தவர்களைப் பற்றி எழுதும்போது, அவர் மட்டும் இருந்திருந்தால் என்னைக் கட்டிப் பிடித்து வாழ்த்தியிருப்பார் என்று எழுதுவது வழக்கம். அது உங்களுக்குச் செய்கிற அவமரியாதை. நீங்கள் வாழ்த்துகிற ஆள் இல்லை. ஏசியிருப்பீர்கள். கதவை அடித்துச் சாத்தியிருப்பீர்கள். சில மாதம் என்னோடு கதைக்காமல், ஆனால் நல்ல மீன் கிடைத்த நாளில் நடுத்துண்டை மட்டும் என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டிருப்பீர்கள்.

எனக்கு அது போதும் அப்பா. நீங்கள் ஏசினாலும் நான் போயிருப்பேன். இதைத்தான் உங்களுக்கு நேரே சொல்ல விரும்புகிறேன். நீங்கள் செத்ததால் எனக்குத் துணிவு வரவில்லை. நீங்கள் வாசலில் குறுக்கே நின்றிருந்தாலும், விலத்துங்கோ எண்டு சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பயத்தோடு போயிருப்பேன். ஆனால் போயிருப்பேன். ஆடுகிற வள்ளத்தில் ஏறத் தெரிந்தவன்தான் ஆம்பிளை என்றீர்கள். தரை ஆடாத இடத்தில் நின்று, சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் முழங்காலில் இறங்க எவ்வளவு நெஞ்சுரம் வேணும் என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்னொரு புதினம். வருகிற தை மாதம் நான் கொக்குவிலை விட்டு வருகிறேன். எங்கள் பங்கு முன்பள்ளிக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். அங்கே இரண்டு பேர் செய்த வேலையை றீற்றா ரீச்சர் தனியே இழுக்கிறார். பெற்றார் சங்கம் இந்த முறை “பார்ப்பம்” சொல்லவில்லை; “சரி, வரட்டும்” என்று சொல்லியிருக்கிறது. கமலா ரீச்சர் அழுதார், பிறகு, “கனடாவுக்கு ஓடினதிலும் பார்க்கப் பரவாயில்லை” என்றார். எங்கள் தெரு, எங்கள் சனம். அந்தக் கேற்றடியில் என்னோடு வலை இழுத்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடப்போகிறார்கள். விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கப் போகிறார்கள். கொக்குவிலில் நான் ஆரோ ஒருத்தன். இங்கே நான் உங்கள் மகன். அதனால் இதுதான் கஷ்டம் கூடின இடம். அதனால்தான் வருகிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. இந்தப் பிள்ளைகள் வளர்வார்கள். அவர்களில் ஒருத்தி வந்து நான் கடலுக்குப் போகப் போறன் எண்டோ, ஒருத்தன் வந்து நான் தாதி வேலைக்குப் படிக்கப் போறன் எண்டோ ஒரு நாள் என் முன்னால் நிற்கக்கூடும். வீட்டில் விட மாட்டினம் ரீச்சர் என்று சொல்லக்கூடும். அன்றைக்கு நான் அந்த வீட்டுக்குப் போவேன். தகப்பன் எவ்வளவு பெரிய குரல் உள்ளவராக இருந்தாலும், கதவை அடித்துச் சாத்தினாலும், திறக்கும்வரை வாசலில் நிற்பேன். திறந்ததும் அவருக்கு முன்னால் இருந்து, உங்களோடு இருந்து கதைக்கக் கிடைக்காத அத்தனையையும் கதைப்பேன்.

உங்கள் ஒரே மகன்,
ஜெறோம்
குருநகர்